வரம்பை மீறியவர் யார்?

பந்துவீச்சாளர் பந்தை வீசாமல் நின்று மறுமுனை விக்கெட்டைத் தட்டினால் அது களவா, கண்டிப்பா? 1947இல் சிட்னியில் எழுந்த கேள்விக்கு 2022இல் விதிப்புத்தகம் பதில் சொல்லிவிட்டது. எங்கள் வன்னி மைதானங்களில் மட்டும் அது இன்னும் சண்டையாகவே இருக்கிறது.

மாசி மாதம். காலபோக அருவி வெட்டு முடிந்த வயல். வன்னியில் என் வயதுப் பெடியளுக்கு முதல் கிரிக்கெட் மைதானம் அதுதான். அரிதாளை மண்வெட்டியால் செருக்கி, வாய்க்காலில் இருந்து வாளியால் தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து இறுக்கினால் விளையாடுவதற்குத் தரை தயார். விக்கெட்டுக்குப் பூவரசங் கம்பு. சுண்ணாம்புக் கோடெல்லாம் கிடையாது. கம்பின் நுனியால் மண்ணில் ஒரு கீறு, அவ்வளவுதான்.

பக்கத்து ஊரோடு மென்பந்து ஆட்டம். கடைசி ஓவரில் எங்களுக்கு ஏழு ஓட்டங்கள் வேண்டும். எனக்குப் பதினாறு வயது. பந்துவீச்சாளர் பக்கத்து முனையில் நான் நிற்கிறேன். அடி விழுகிறதோ இல்லையோ ஓடிவிட வேண்டும் என்பதே என் எண்ணம். அவன் ஓடி வந்தான். நானும் வெளிக்கிட்டேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன். அவன் பந்தை வீசாமல் நின்று, திரும்பி, கம்பைத் தட்டிவிட்டான்.

எங்கள் ஊர் ஆட்டங்களில் துடுப்பெடுத்தாடும் அணியே நடுவரைக் கொடுக்கும். அன்றைக்கு நடுவராக நின்றவர் எங்கள் பக்கத்து ஆள். அந்த வயலையே உழுகிற அண்ணை. அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, விரலைத் தூக்கினார்.

“அண்ணை, அவன் பந்து போடேல்லையே!” என்று கத்தினேன்.

“அவன் போடேல்லை. நீயும் நிக்கேல்லை” என்றார்.

பிறகு குனிந்து, ஆட்கள் மிதித்து மிதித்து அழிந்து கிடந்த கோட்டைக் கம்பால் திரும்பவும் ஆழமாகக் கீறிவிட்டு, அடுத்தவனை வரச் சொன்னார். மூன்று ஓட்டத்தால் தோற்றோம். பந்து வீசாமல் என்னை வெளியேற்றியவனைவிட, எங்கள் ஆளாக இருந்தும் விரலைத் தூக்கியவர் மேல்தான் எனக்குக் கோபம் கூட. அந்தக் கோபம் ஆறப் பல வருடங்கள் எடுத்தன. அது ஆறிய விதத்தைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

விதி என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். எங்கள் ஊர்ச் சண்டைகளில் பாதி, சட்டம் தெரியாததால் வருபவை.

கிரிக்கெட் விதிகளை எழுதுவதும் திருத்துவதும் லண்டனில் உள்ள மெரில்போன் கிரிக்கெட் கழகம், அதாவது எம்.சி.சி. நீண்ட காலமாக இந்த ஆட்டமிழப்பு ‘முறையற்ற ஆட்டம்’ பற்றிய விதியின் கீழ் இருந்தது. 2017ஆம் ஆண்டின் விதித் தொகுப்பில் அதன் எண் 41.16. பந்தை வேண்டுமென்றே சேதப்படுத்துவது, ஆபத்தான முறையில் பந்து வீசுவது போன்றவற்றோடு இதுவும் ஒரே கூரையின் கீழ் கிடந்தது. முறைகேடு செய்தவர் கோட்டை விட்டுப் போன துடுப்பாட்ட வீரர் என்பதே அந்த இடத்தின் பொருள். பார்த்தவர்களோ பந்துவீச்சாளரைத்தான் முறைகேட்டுக்காரர் என்று படித்தார்கள். 2022 மார்ச்சில் எம்.சி.சி. அறிவித்த திருத்தம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. 2022 ஒக்டோபர் 1 முதல் அது 38ஆம் விதிக்குள், அதாவது சாதாரண ‘ரன் அவுட்’ விதிக்குள் வந்துவிட்டது.

பந்து ஆட்டத்துக்குள் வந்த நேரத்தில் இருந்து, பந்துவீச்சாளர் வழமையாகப் பந்தைக் கையில் இருந்து விடுவிப்பார் என எதிர்பார்க்கப்படும் கணம் வரைக்கும், மறுமுனைத் துடுப்பாட்ட வீரர் தன் கோட்டுக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவரை ரன் அவுட் செய்யலாம். முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அந்தப் பந்து ஓவர் கணக்கிலும் சேராது.

‘எதிர்பார்க்கப்படும் கணம்’ எது என்பதில்தான் ஓட்டை இருந்தது. 2023 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் பிக் பாஷ் போட்டியொன்றில் அடம் ஸம்பா பந்து வீசுவதுபோல் கையைச் சுழற்றி முடித்த பிறகு திரும்பி விக்கெட்டைத் தட்டினார். கை உச்சியைத் தாண்டிவிட்டதால் ஆட்டமிழப்பு இல்லை என்று மூன்றாம் நடுவர் தீர்ப்பளித்தார். அந்த மாதமே எம்.சி.சி. வாசகத்தைத் திருத்தி எழுதியது. கை உச்சிக்குப் போகும் வரைக்கும்தான் ரன் அவுட் செய்யலாம். கை உச்சிக்குப் போன பிறகு பந்துவீச்சாளருக்கு அந்த உரிமை கிடையாது.

இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கோடு கீறப்பட்டிருக்கிறது. துடுப்பாட்ட வீரருக்கு அது தரையில் இருக்கிறது. பந்துவீச்சாளருக்கு அது அவருடைய கை எட்டும் உச்சியில் இருக்கிறது.

ஒரு மீற்றரின் விலை

“ஒரு எட்டு முன்னுக்கு நிண்டதுக்கு இவ்வளவு சண்டையோ?” என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் பார்ப்போம்.

இரண்டு முனைக் கோடுகளுக்கும் இடையில் 58 அடி, அதாவது ஏறத்தாழ 17.7 மீற்றர். நன்றாக ஓடுகிற ஒருவர் செக்கனுக்கு ஏழு மீற்றர் ஓடுகிறார் என்று வைத்தால், ஒரு மீற்றர் முன்கூட்டிப் போனவருக்கு ஏழில் ஒரு பங்கு செக்கன் மிச்சம். மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் எறியப்படும் பந்து அந்த நேரத்தில் நான்கு மீற்றர் பறந்துவிடும். களத்தடுப்பாளர் உயிரைக் கொடுத்துப் பாய்ந்து பிடித்து எறிகிற பந்து விக்கெட்டுக்கு நான்கு மீற்றர் தொலைவில் இருக்கும்போதே ஓடியவர் உள்ளே வந்துவிடுவார். ரன் அவுட் தீர்ப்புகள் அங்குலக் கணக்கில் முடிகிற விளையாட்டில் அது சின்ன விசயமா?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பந்துவீச்சாளரின் முன்கால் பாதம் முழுதும் கோட்டைத் தாண்டி ஒரு நூலளவு போனாலும் அது முறையற்ற பந்து. மட்டுப்படுத்தப்பட்ட ஓவர் போட்டிகளில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் இலவச அடியும் கிடைக்கும். துடுப்பெடுத்தாடுபவரின் குதி கண் இமைக்கும் நேரம் தூக்கினாலும் விக்கெட் காப்பாளர் ஸ்டம்பிங் செய்வார், எல்லோரும் கைதட்டுவோம். மைதானத்தில் உள்ள அத்தனை பேருக்கும் கோடு கோடாகவே இருக்க, மறுமுனையில் நிற்பவருக்கு மட்டும் அது சும்மா ஒரு கீறலாக இருப்பது எந்த நீதி?

வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு காணிகளுக்கு நடுவில் ஒரு வரம்பு. விதைப்புக்கு முன்னர் வரம்பு கட்டும்போது தன் பக்கத்தில் இருந்து நான்கு விரல் மண்ணை அரிந்து எடுப்பவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். முதல் போகத்தில் கண்ணுக்குத் தெரியாது. பத்துப் போகத்தில் வரம்பு இடம் மாறி, அயலவரின் காணியில் ஒரு பாகம் நெல் குறைந்திருக்கும். கடைசியில் அயலவர் கயிற்றை எடுத்துக்கொண்டு அளக்க வருவார். அப்போது ஊர் யாரைக் குறை சொல்லும்? அளக்க வந்தவரையா, அரிந்து எடுத்தவரையா?

பந்தை வீசாமல் விக்கெட்டைத் தட்டுகிற பந்துவீச்சாளர் கயிற்றோடு அளக்க வந்தவர்.

ஒரு மனிதனின் பெயர்

இந்த ஆட்டமிழப்புக்கு உலகம் வைத்த பெயரில் இருந்தே அநீதி தொடங்குகிறது. 1947ஆம் ஆண்டு இந்திய அணி சுதந்திர நாடாக முதன்முதலாக அவுஸ்திரேலியாவுக்குப் போயிருந்தது. ஜாம்நகரைச் சேர்ந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் வினூ மன்கட் அந்த அணியில் இருந்தார். நவம்பரில் சிட்னியில் நடந்த ஒரு சுற்றுலாப் போட்டியில் அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் பில் பிரௌன் பந்து வீசுமுன் கோட்டை விட்டுப் போவதைக் கண்டு முதலில் எச்சரித்தார். பிரௌன் திரும்பவும் போனார், மன்கட் ஆட்டமிழக்கச் செய்தார். டிசம்பர் 13ஆம் திகதி, அதே சிட்னியில் டெஸ்ட் போட்டி. பிரௌன் 18 ஓட்டங்களோடு நின்றார். மறுபடியும் முன்னேறிப் போனார். மன்கட் மறுபடியும் விக்கெட்டைத் தட்டினார்.

அவுஸ்திரேலியப் பத்திரிகைகள் மன்கட்டின் விளையாட்டுக் கண்ணியத்தைக் கேள்வி கேட்டன. அவருடைய குடும்பப் பெயரையே அந்தச் செயலுக்கு வினைச்சொல்லாக்கின. எதிரணித் தலைவர் டொன் பிரட்மன் மட்டும் அந்தக் கூச்சலில் சேரவில்லை. மன்கட் செய்ததில் பிழை இல்லை என்று பின்னர் தன் சுயசரிதையிலேயே எழுதினார். வெளியேறிய பிரௌனும் பிழை தன்னுடையது என்றே ஏற்றுக்கொண்டார்.

இதைக் கண்டுபிடித்தவர்கூட மன்கட் இல்லை. பதிவில் உள்ள முதல் நிகழ்வு 1835இல் இங்கிலாந்தில் நடந்தது. நொட்டிங்ஹாம் வீரர் தோமஸ் பார்க்கர், சசெக்ஸின் ஜோர்ஜ் பைஜன்ட்டை அப்படி வெளியேற்றினார். ஆனால் பார்க்கரின் பெயர் யாருக்கும் வசவாகவில்லை. இந்தியாவின் மிகப்பெரிய சகலதுறை வீரர்களில் ஒருவரான மன்கட்டின் பெயர் எழுபது வருடங்களுக்கு மேலாக ஒரு குற்றத்தின் பெயராக உச்சரிக்கப்பட்டது. 2022இல் விதி இடம் மாறியபோது சச்சின் டெண்டுல்கர் தனக்கு அந்தப் பெயர் என்றைக்கும் சங்கடமாகவே இருந்தது என்று சொல்லி மாற்றத்தை வரவேற்றார்.

எங்கள் மைதானங்களிலும் ‘மன்கட்’ என்றுதான் பெடியள் கத்துகிறார்கள். அது ஒரு மனிதனின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. ‘ரன் அவுட்’ என்றே சொல்லப் பழகுவோம். பழி சுமத்தப்பட்ட பெயரோடு வாழ்வது என்னவென்று வன்னியில் உள்ளவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இலங்கை நின்ற மூன்று இடங்கள்

இந்த விசயத்தில் இலங்கை அணி எல்லாப் பக்கத்திலும் நின்று பார்த்திருக்கிறது.

2012 பெப்ரவரி 21, பிரிஸ்பேன். இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டி. லஹிரு திரிமான்ன பந்து வீசுமுன் வெளியே போக, சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின் விக்கெட்டைத் தட்டி முறையிட்டார். நடுவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு, தோனி இல்லாத அந்தப் போட்டியில் தலைவராக இருந்த சேவாக்கிடம் முறையீட்டில் உறுதியாக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அவர் டெண்டுல்கரிடம் கலந்து பேசி, முறையீட்டை மீளப் பெற்றார். திரிமான்ன 62 ஓட்டங்கள் எடுத்தார், இலங்கை 51 ஓட்டங்களால் வென்றது.

2014 ஜூன் 3, பர்மிங்ஹாம் எட்ஜ்பாஸ்டன். இங்கிலாந்தோடு தொடர் இரண்டுக்கு இரண்டு. முந்தைய போட்டியிலேயே, லோர்ட்ஸில், இங்கிலாந்து வீரர்கள் முன்கூட்டியே ஓடி ஓட்டம் சேர்க்கிறார்கள் என்ற குறை இலங்கை வீரர்களுக்கு இருந்தது. சச்சித்ர சேனாநாயக்க ஜோஸ் பட்லரை இரண்டு தடவை எச்சரித்தார். பட்லர் திரும்பவும் போனார். சேனாநாயக்க விக்கெட்டைத் தட்டினார். முறையீட்டைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று நடுவர் கேட்க, தலைவர் அஞ்சலோ மெத்யூஸ் மறுத்துவிட்டார். மைதானம் முழுக்கக் கூச்சல். இங்கிலாந்துத் தலைவர் அலஸ்டயர் குக் வெளிப்படையாகவே கண்டித்தார். இலங்கை ஆறு விக்கெட்டுகளால் வென்று தொடரைக் கைப்பற்றியது. அன்றைக்கு ஆட்டமிழக்காமல் நின்று வெற்றியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், பிரிஸ்பேனில் தப்பிய அதே திரிமான்ன.

2023 ஜனவரி 10, குவஹாத்தி. இலங்கை தோற்பது உறுதி. தலைவர் தசுன் சானக்க கடைசி ஓவரில் 98 ஓட்டங்களோடு மறுமுனையில். மொஹமட் ஷமி அவரை ரன் அவுட் செய்து முறையிட்டார். நடுவர் மூன்றாம் நடுவரிடம் அனுப்பியும் விட்டார். இந்தியத் தலைவர் ரோஹித் சர்மா குறுக்கிட்டு முறையீட்டை மீளப் பெற்றார். சானக்க 108 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் போனார்.

முதலாவதிலும் மூன்றாவதிலும் எங்களுக்கு விட்டுக்கொடுத்தவர்களைப் போற்றினோம். இரண்டாவதில் விட்டுக்கொடுக்காத எங்கள் தலைவருக்காக வாதாடினோம். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகிறதா? இல்லை என்றே நினைக்கிறேன். விட்டுக்கொடுப்பது ஒரு கொடை. கொடை கொடுத்தவரைப் போற்றலாம். கொடுக்காதவரைக் கள்வன் என்று சொல்ல முடியாது. காணியை அரிந்தவருக்கு அதை விட்டுக்கொடுக்கும் பெரிய மனது அயலவருக்கு இருக்கலாம். அதைக் கடமை என்று கேட்கிற உரிமை அரிந்தவருக்கு இல்லை.

1987 உலகக் கிண்ணத்தில் லாகூரில் கோர்ட்னி வோல்ஷ் செய்ததும் இதுதான். பாகிஸ்தானின் கடைசி விக்கெட். சலீம் ஜாஃபர் கோட்டை விட்டு வெளியே நிற்கிறார். தட்டியிருந்தால் மேற்கிந்தியத் தீவுகளுக்கு வெற்றி. வோல்ஷ் நின்று, தட்டாமல் திரும்பி நடந்தார். பாகிஸ்தான் வென்றது. மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்கே போகவில்லை. வோல்ஷின் பெருந்தன்மையை உலகம் இன்றைக்கும் பேசுகிறது, பேசட்டும். ஆனால் வெளியே நின்ற ஜாஃபரைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

முரளியும் மெத்யூஸும்

விதி சரி என்று சொன்னது மனதுக்குச் சரியாகப் படாத சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. அவற்றை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

2006 டிசம்பர் 9, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச். இலங்கையின் கடைசி விக்கெட் ஜோடி. குமார் சங்கக்கார ஓர் ஓட்டம் எடுத்துச் சதத்தைத் தொட்டார். முத்தையா முரளிதரன் ஓடி முடித்துக் கோட்டுக்குள் துடுப்பை வைத்துவிட்டு, மகிழ்ச்சியில் திரும்பி நண்பனை வாழ்த்த நடந்தார். எறியப்பட்ட பந்து விக்கெட் காப்பாளர் பிரெண்டன் மெக்கலத்தின் கைக்கு வந்தது. அவர் விக்கெட்டைத் தட்டினார். சட்டப்படி ஆட்டமிழப்பு. இலங்கை இனிங்ஸ் முடிந்தது, போட்டியும் கைவிட்டுப் போனது. பத்து வருடங்கள் கழித்து, 2016இல் லோர்ட்ஸில் நிகழ்த்திய உரையில் மெக்கலம் அந்தச் செயலுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

2023 நவம்பர் 6, டெல்லி. உலகக் கிண்ணத்தில் பங்களாதேசத்துக்கு எதிராக அஞ்சலோ மெத்யூஸ் களமிறங்கினார். தலைக்கவசத்தின் பட்டி அறுந்தது. புதியது வரும்வரை நேரம் போக, ஷகிப் அல் ஹசன் முறையிட்டார். சர்வதேசக் கிரிக்கெட்டில் ‘நேரம் கடந்ததால்’ ஆட்டமிழந்த முதல் மனிதர் ஆனார் மெத்யூஸ். எட்ஜ்பாஸ்டனில் விதியின் பக்கம் உறுதியாக நின்ற அதே மனிதர், டெல்லியில் ஷகிப்பின் செயல் வெட்கக்கேடு என்றார்.

“தனக்கு வந்தால்தான் தெரியும்” என்று அன்றைக்குப் பலர் மெத்யூஸைச் சாடினார்கள். அந்தச் சாடலில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒன்று இல்லை. பட்லர் முன்னே போனது ஓட்டத்துக்காக. மெத்யூஸ் தாமதித்ததில் அவருக்கு ஒரு பயனும் இல்லை. முரளி கோட்டை விட்டது நண்பனின் சந்தோசத்துக்காக, ஓர் ஓட்டத்தைத் திருட அல்ல.

நியாயத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். கோட்டைத் தாண்டியவர் அதில் இலாபம் எடுத்தாரா? எடுத்திருந்தால், விக்கெட்டைத் தட்டியவர் தன் அணியின் உரிமையைக் காத்தவர். எடுக்கவில்லை என்றால், தட்டியவர் விதிக்குள் நின்றாலும் ஒருநாள் மெக்கலத்தைப்போல வருந்த வேண்டி வரலாம். பந்து வீசுமுன் ஓடுகிற மறுமுனை வீரர் எப்போதும் முதலாவது வகை. அவர் வெளிக்கிடுவதே இலாபத்துக்காக.

எதிர்ப்பக்க நியாயங்கள்

இந்த ஆட்டமிழப்பை வெறுப்பவர்கள் எல்லோரும் நியாயமில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுடைய கேள்விகள் பதிலுக்கு உரியவை.

‘முதலில் எச்சரித்திருக்கலாமே?’ எச்சரிப்பது நல்ல பழக்கம். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் அவசியமும்கூட. ஆனால் பந்துவீச்சாளரின் கால் கோட்டைத் தாண்டினால் நடுவர் ‘இந்த ஒரு தடவை விடுகிறேன்’ என்பாரா? ஸ்டம்பிங் செய்யுமுன் விக்கெட் காப்பாளர் தட்டிச் சொல்வாரா? ஒருவரிடம் மட்டும் எச்சரிக்கை கேட்பது, ஒவ்வொருவருக்கும் ஒரு களவு இலவசம் என்று சொல்வதற்குச் சமம்.

‘இதில் என்ன திறமை?’ என்கிறார்கள். 2022 செப்டெம்பர் 24, லோர்ட்ஸ். இங்கிலாந்து மகளிர் அணிக்குக் கையில் ஒரே விக்கெட், வெற்றிக்கு இன்னும் 17 ஓட்டங்கள். சார்லி டீன் 47 ஓட்டங்களோடு போராடிக்கொண்டிருந்தார். தீப்தி சர்மா அவரை மறுமுனையில் ரன் அவுட் செய்தார். இங்கிலாந்து கொதித்தது. பிறகு ஓர் ஊடகவியலாளர் ஒளிப்பதிவை முழுதாகப் பார்த்து, அந்த இனிங்ஸில் டீன் எழுபதுக்கும் அதிகமான தடவைகள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததை எண்ணிக் காட்டினார். ஓடி வந்து, பந்து வீசும் நினைவில் இருந்துகொண்டே எதிராளியின் காலையும் கவனித்து, கை உச்சிக்குப் போகுமுன் நிறுத்துவதற்கு நிதானம் வேண்டும். அதுவும் திறமைதான்.

மூன்றாவது கேள்வி கனமானது. ‘பந்துவீச்சாளர் ஏமாற்றினால்?’ 2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். ஐ.பி.எல். போட்டியில் 69 ஓட்டங்களோடு நின்ற பட்லரை அஸ்வின் இதேபோல வெளியேற்றினார். பட்லரின் ராஜஸ்தான் அணி 14 ஓட்டங்களால் தோற்றது. முதலில் விதிக்கு உட்பட்டதே என்ற எம்.சி.சி., ஒளிப்பதிவைத் திரும்பப் பார்த்த பிறகு, அஸ்வின் கோட்டுக்கு வந்து நின்ற இடைவெளி நீளம் என்றும், பந்து வந்திருக்க வேண்டிய நேரத்தில் பட்லர் உள்ளேயே இருந்ததாகவும் சொன்னது. அஸ்வின் இன்றுவரை தன் பக்க நியாயத்தைத் தளராமல் சொல்லி வருகிறார். ஆனாலும் அந்தச் சந்தேகம் நியாயமானது. பந்து வீசுவதுபோலப் பாசாங்கு செய்து எதிராளியை வெளியே இழுப்பது வேறு, வெளியே போனவரைப் பிடிப்பது வேறு. கை உச்சியில் எல்லை வைத்த 2023 திருத்தம் அந்தப் பாசாங்கின் கதவை மூடியது. அரிந்தவரைப் பிடிக்கலாம். அரியச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது.

மூன்றாம் நடுவர் இல்லாத மைதானங்கள்

இவ்வளவும் உலகத்துக் கதை. கிளிநொச்சியில், முல்லைத்தீவில், வவுனியாவில் இதன் அர்த்தம் என்ன?

யுத்தம் முடிந்து மக்கள் திரும்பி வந்தபோது வன்னியின் மைதானங்கள் பற்றைக்காடாகக் கிடந்தன. பல இடங்களில் மிதிவெடி அபாயம் என்ற சிவப்புப் பலகைகள் நின்றன. அந்தப் பலகைக்கு அங்கால் கால் வைக்கக்கூடாது என்பது எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகிய பாடம். வெடிகள் அகற்றப்பட்டு, பற்றை வெட்டப்பட்டு, முதலில் திரும்பி வந்தவற்றில் ஒன்று விளையாட்டு. 2012இல் முரளிதரனும் நல்மனம் கொண்ட பலரும் சேர்ந்து தொடங்கிய முரளி நல்லிணக்கக் கிண்ணப் பாடசாலைப் போட்டிகள் கிளிநொச்சி, மாங்குளம் மைதானங்களுக்கும் வந்தன. தெற்குப் பிள்ளைகளும் வடக்குப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நின்று ஓடினார்கள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏ9 வீதியில் போனால் இருபுறமும் மென்பந்து ஆட்டங்களைப் பார்க்கலாம். கழகக் கொடி, ஒலிபெருக்கி அறிவிப்பு, தகரக் கொட்டகை நிழலில் பெரியவர்கள், சர்பத் வாளி. மூன்றாம் நடுவரும் இல்லை, ஒளிப்பதிவும் இல்லை. துடுப்பெடுத்தாடும் அணி கொடுத்த நடுவர் ஒருவர்தான். பந்துவீச்சாளரின் காலையும் மறுமுனைக்காரரின் காலையும் அவர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். கடைசி ஓவரில் ஒருவர் விக்கெட்டைத் தட்டினால் ஊரே கிளம்பும். பிறகு இரண்டு கழகங்களுக்கு இடையில் மாதக்கணக்கில் கதைப் பேச்சில்லை.

தடுக்க வழி இருக்கிறது, காசும் தேவையில்லை. நாணயச் சுழற்சிக்கு முன்னரே இரு தலைவர்களையும் கூப்பிட்டு, ‘மறுமுனை ரன் அவுட் உண்டு, கை உச்சிக்குப் போகும் வரை’ என்று நடுவர் சொல்ல வேண்டும். தொடர் நடத்தும் கழகங்கள் விதித்தாளில் அதை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கு ஒரே ஓர் எச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளலாம், இரு அணிக்கும் ஒரே மாதிரி. பாடசாலைப் பயிற்றுநர்கள் துடுப்பெடுத்தாடக் கற்பிப்பதுபோலவே மறுமுனையில் நிற்கவும் கற்பிக்க வேண்டும். துடுப்பின் நுனி கோட்டுக்குள் தரையில் இருக்கட்டும், கண் எதிர்முனையில் அல்லாமல் பந்துவீச்சாளரின் கையில் இருக்கட்டும், பந்து கையை விட்டதும் கால் எழும்பட்டும். பத்து நாள் பழகினால் உடம்புக்குப் பழகிவிடும். ஓட்டமும் குறையாது.

பந்துவீசும் பிள்ளைக்கும் ஒரு சொல் இருக்கிறது. உன் எதிராளி களவு எடுத்தால் நீ தட்டலாம். அதற்காகக் கூனிக்குறுக வேண்டாம். தட்டாமல் விட விரும்பினால் விடு, அதுவும் உன் உரிமை. ஆனால் அவனை இழுத்து விழுத்தாதே.

அழிந்த கோடு

என்னை வெளியேற்றிய அந்த அண்ணை மேல் இருந்த கோபம் ஒரு விதைப்புக் காலத்தில்தான் ஆறியது. எங்கள் காணிக்கும் பக்கத்துக் காணிக்கும் இடையில் வரம்பில் தகராறு. இரு பக்கமும் குரல் உயர்ந்தது. கயிறு பிடிக்க ஊர் அவரைத்தான் கூப்பிட்டது. அவர் எங்களுக்கும் சொந்தம், அவர்களுக்கும் சொந்தம். அளந்து முடித்துவிட்டு, ஒன்றரை முழம் எங்கள் பக்கம் கூடியிருக்கிறது என்றார். அரிந்தது நாங்கள்தான். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் அளந்தால் அது அளவு.

அப்போது விளங்கியது. எங்கள் ஆள் என்பதற்காக அன்றைக்கு அவர் விரலைத் தூக்காமல் விட்டிருந்தால், இன்றைக்கு இந்தக் கயிற்றை அவர் கையில் கொடுக்க யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கடைசி ஓவரில், ஏழு ஓட்டம் தேவைப்பட்ட நேரத்தில், அவர் காப்பாற்றியது ஓர் ஆட்டத்தை மட்டும் இல்லை.

இப்போது சில ஞாயிறுகளில் ஊர்ப் பெடியளின் ஆட்டத்துக்கு நானும் நடுவராக நிற்கிறேன். மத்தியானத்துக்குள் கோடு மிதிபட்டு அழிந்துபோகும். ஓவர் முடிகிற இடைவெளியில் கம்பை வாங்கி, குனிந்து, திரும்பவும் கீறுகிறேன். மறுமுனையில் நிற்கிற பெடியன் தன் காலைப் பார்க்கிறான், கோட்டைப் பார்க்கிறான், ஓர் எட்டு உள்ளே வைக்கிறான்.